நாற்பத்தொரு முகங்கள்

ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்துகொண்டிருந்த எண்பதுகளில் நாங்கள் இருவரும் மதுரையில் கல்லூரி மாணவர்கள். கி.ரா.வைப் படித்து முடித்த கையோடு, அதனுடன் வெளியான ஆதிமூலத்தின் கோட்டோவியத்தைச் சவர பிளேடால் கத்தரித்து, ஒரு பழைய கணக்கு நோட்டில் சோற்றுப் பசை தடவி ஒட்டிவைப்போம். இதழ் எங்களுடையதல்ல, சலூன்கடைக்காரருடையது. அவர் எங்களை மன்னித்தார் என்றுதான் நினைக்கிறோம். மீசையும் தலைப்பாகையுமாகச் சம்சாரிகள், வாய் திறந்து சிரிக்கும் கிழவர்கள், குந்தியிருக்கும் பெண்கள் என நோட்டு உப்பிக்கொண்டே போயிற்று. அதுதான் ஓவியம் என்று நம்பியிருந்தோம். அசல் என்ற ஒன்று வேறெங்கோ ஒரு மேசை அறைக்குள் கிடக்கும் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

நாங்கள் என்று சொல்வது இரண்டு பேரை. ஒருவர் பள்ளி ஆசிரியராகி ஓய்வுபெற்றவர். மற்றவர் ஈய எழுத்துக் கோக்கும் அச்சகத்தில் சேர்ந்து, ஆப்செட் வரை பார்த்து, கண் மங்கியபின் வெளியே வந்தவர். அசல் எங்கள் கண்ணில் பட்டது அந்த அச்சகத்தின் வழியாகத்தான். பிளாக் செய்து வாங்கிவர ஒரு கடைக்குப் போனபோது, அங்கே ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய படங்கள் கிடந்தன. பிளாக் எடுத்தபின் யாரும் திரும்பக் கேட்காதவை. ஒன்றை எடுத்து அதில் வெண்டைக்காய் வற்றலைக் கொட்டி வைத்திருந்தார்கள். வற்றலை வேறு தாளுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிவந்தோம். பெயர் தெரியாத ஒருவர் வரைந்த பெயர் தெரியாத ஒரு கவிஞரின் முகம். எங்கள் சேகரிப்பின் முதல் தாள் அது. வற்றலின் எண்ணெய்க் கறை இன்றும் அந்தக் கவிஞரின் நெற்றியில் இருக்கிறது.

அந்தத் தாள் எங்களுக்குச் சில பாடங்களைச் சொல்லிற்று. அச்சில் உள்ளங்கை அளவே வந்திருக்கக்கூடிய முகம் அசலில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. சிறிதாக்கும்போது கோடுகள் நெருங்கி இறுக்கம் பெறும் என்பதால் ஓவியர்கள் பெரிதாகவே வரைவது வழக்கம். மூக்கின் ஓரத்தில் தவறாக விழுந்த கோட்டின்மேல் வெள்ளை வண்ணம் தடவியிருந்தது. ஓரத்தில் வெளிர்நீலப் பென்சிலில், எத்தனை அங்குலத்துக்குக் குறைக்க வேண்டும் என்ற குறிப்பு. பிளாக் எடுக்கும் காமிராவின் பிலிமில் அந்த நீலம் பதியாது. அச்சுக்குப் போனபின் இவை எதுவுமே இருக்கப்போவதில்லை. ஓவியர் தயங்கிய இடமும், மாற்றிய இடமும், தன் மனிதரைச் சற்றுக் கூடுதலாக உற்றுப்பார்த்த இடமும் அசலில் மட்டுமே தங்கியிருந்தன.

தமிழில் கோட்டுருவ முகங்கள் இவ்வளவு வளர்ந்ததற்கு அழகியல் காரணங்களைவிடப் பணக் காரணம் வலுவானது என்று எங்களுக்குப் படுகிறது. புகைப்படத்தை அச்சிட ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். அதற்கு வழவழப்பான தாள் வேண்டும். முந்நூறு பிரதி, ஐந்நூறு பிரதி அடிக்கும் சிற்றிதழ்காரர்களுக்கு அது கட்டுபடியாகாது. கறுப்பும் வெள்ளையுமான கோட்டுப்படத்துக்கோ லைன் பிளாக் போதும். துத்தநாகத் தகட்டில் கோட்டை மட்டும் விட்டு மற்றதை அமிலத்தால் அரித்துவிட்டால் எழுத்தோடு எழுத்தாக மட்டமான தாளிலும் விழும். ஆக, எழுத்தாளரின் முகம் வேண்டுமென்றால் வரையத் தெரிந்த நண்பர் ஒருவர் வேண்டும். எழுத்தும் ஓவியமும் கைகோத்தது பற்றிக் கருத்தரங்குகளில் உயர்வாகப் பேசுகிறோம். பிளாக் கடை ரசீதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

அப்படிக் கிடைத்த நண்பர்களில் பெரியவர் ஆதிமூலம். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று 1966இல் வெளிவந்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி நூறு அளவில் காந்தியை வரைந்தார். எங்களுக்குத் தெரிந்த காந்தி படங்கள் எல்லாம் சிரிக்கும். அவருடையவை பெரும்பாலும் நடக்கும், குனியும், தனித்திருக்கும். பின்னர் கறுப்பு மையில் சிதைந்த அரசர்கள். ‘கசடதபற’ உள்ளிட்ட சிற்றிதழ்களுக்கும் எத்தனையோ நூல்களுக்கும் முகங்கள், அட்டைகள், எழுத்துருக்கள். 2008 ஜனவரியில் அவர் மறைந்த சேதி வந்தபோது, எழுத்தாளர்கள் பலருடைய முகம் நம் நினைவில் இருப்பது புகைப்படமாக அல்ல, அவருடைய கோடாகத்தான் என்பதை உணர்ந்தோம். எங்கள் ஊர்க்காரர் ட்ராட்ஸ்கி மருது. பெயரே அவருடைய தந்தையின் அரசியலைச் சொல்லிவிடும். அவர் கோட்டின் வேகம் வேறு. உடம்பே முகமாகிவிடும் அதில். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த மனோகர் தேவதாஸ் 2022இல் மறைந்தார். பார்வை சுருங்கிக்கொண்டே வந்த நோயுடன், மதுரையின் கோபுரங்களையும் கட்டடங்களையும் நுண்ணிய பேனாக் கோடுகளால் கட்டியவர். அவர் வரைந்தது பெரும்பாலும் ஊரின் முகம் என்பதால் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.

இவர்கள் எவருடைய அசலும் எங்களிடம் இல்லை. இதைச் சொல்லும்போது நாற்பது வயதில் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை. ஒருமுறை இருப்பதாக நினைத்தோம். ஒரு வியாபாரி ஆதிமூலத்தின் காந்தி என்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். எங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலும் போதாத விலை. பாதிப் பணம் கொடுத்து வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் விளக்கைத் தாளோடு தாளாகச் சாய்த்து அடித்துப் பார்த்தோம். நிப் அழுந்தி ஓடிய தாளில் மெல்லிய பள்ளம் தெரியும். இந்தியன் இங்க் காய்ந்த இடம் சற்றே மேடாக, மினுமினுப்பாக இருக்கும். இரண்டுமில்லை. உருப்பெருக்கியை வைத்தபோது கோட்டின் இருபுறமும் பொடி தூவினாற்போலக் கறுப்புத் துகள்கள். லேசர் அச்சு. கையெழுத்தும் அதே பொடியில். வியாபாரியின் கைப்பேசி அதன்பின் எடுக்கப்படவேயில்லை. அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவர் எங்களில் ஒருவர் என்பதை இங்கே மறுபடி சொல்ல விருப்பமில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய பெயர்களைத் துரத்துவதை விட்டோம். தெற்கு மாசி வீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு பழைய பேப்பர் கடை. 2011இல் அங்கே எடைக்குப் போட வந்த மூட்டையில், பள்ளித் தேர்வு விடைத்தாள்களின் பின்புறத்தில் முகங்கள் இருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. பென்சிலில் இருபத்தேழு, பேனாவில் பதினான்கு. கடைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு டிராயிங் மாஸ்டர் காலமாகி வீட்டைக் காலிசெய்தபோது வந்த மூட்டை என்பது மட்டுமே. அதைக் கொண்டுவந்து போட்டவர் யாரென்று அவருக்கும் நினைவில்லை. எல்லாமாகச் சேர்த்து இரண்டு கிலோவுக்கு எடை போட்டார். இருபத்தைந்து ரூபாய்.

ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் ஊரும் தேதியும் இருந்தன. பெயர் இல்லை. 1974 முதல் 1979 வரை, சோழவந்தான், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர். காத்திருக்கும் மனிதர்களையே மாஸ்டர் வரைந்திருக்கிறார். பஸ்ஸுக்காக, ரேஷனுக்காக, சந்தையில் விலை படிவதற்காக. வெற்றிலைக் கவுளியைத் தொடையில் வைத்துக்கொண்டு உறங்கும் சோழவந்தான்காரர். குடையை முகவாய்க்கு முட்டுக்கொடுத்திருக்கும் மேலூர்க் கணக்கர் (கணக்கர் என்பது எங்கள் ஊகம், காதில் பென்சில் இருக்கிறது). இந்த வட்டாரத்தில் படம் வரைவதென்றால் ஒன்று கோவில்பட்டிக் கொண்டைய ராஜு வழிவந்த காலண்டர்ச் சாமிகள். இல்லையேல் இறந்தவரின் சிறு புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, பெரிய தாளில் கட்டம் கட்டமாக ஏற்றி, சுருக்கங்களை நீக்கி, நகை பூட்டித் தருவது. இரண்டிலும் முகம் நம்மைப் பார்க்கும். மாஸ்டரின் முகங்கள் யாரையும் பார்ப்பதில்லை. பஸ் வரும் திசையைப் பார்க்கின்றன.

குறைகளும் உண்டு. கைகள் அவருக்கு வரவில்லை. பல தாள்களில் அவற்றைத் துண்டுக்குள் மறைத்திருக்கிறார். பதினேழாம் எண் தாளில், தண்டட்டி அணிந்த ஒரு கிழவியின் இடது கன்னம் வீங்கினாற்போல நிழல் பிசகியிருந்தது. எங்கள் குறிப்பேட்டில் ‘கன்னம்: வரைவுப் பிழை’ என்று எழுதிவைத்தோம்.

வீட்டில் தாளைக் காப்பது தனிப் பாடு. பேனாவில் வரைந்தவற்றை மாஸ்டர் சாதாரண நீலக்கறுப்பு மையில் போட்டிருந்தார்; அது பழுப்பாகி வருகிறது. இந்தியன் இங்க் என்றால் கரி, அசையாது. பென்சில் கரியும் அப்படியே, ஆனால் விரல் பட்டால் போச்சு. மேலே தெளித்து நிலைப்படுத்தும் திரவம் எதையும் அவர் பூசியிருக்கவில்லை. விடைத்தாளின் மட்டமான கூழில் அமிலம் அதிகம். வெயில் காலத்தில் ஓரங்கள் முறுகிய அப்பளமாகின்றன. இராமபாணப் பூச்சிக்கு வசம்பு வைத்தோம், பயன் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செலோடேப்பை மட்டும் யாரும் எதிலும் ஒட்டாதீர்கள். பத்தாண்டில் அந்த இடம் தேன் நிறமாகிவிடும்.

2014இல் உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் இருபது தாள்களைக் கண்ணாடிச் சட்டமிட்டு மூன்று நாள் பார்வைக்கு வைத்தோம். இரண்டாம் நாள் மாலை, மகளை அழைத்துப்போக வந்த ஒருவர் பதினேழாம் தாளின் முன் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு எங்களிடம் வந்தார்.

“சார், இது எங்க அப்பத்தா.”

இம்மாதிரிச் சொல்பவர்கள் உண்டு. முகம் என்றாலே யாருக்கோ யாரோபோல இருக்கும். பணிவாகவே சந்தேகப்பட்டோம். அவர் வலது காதைக் காட்டினார். தண்டட்டியின் பாரத்தில் காது அறுந்து, தைத்து, மறுபடி போட்ட தழும்பு. “களையெடுக்கையில அறுந்துச்சு. நாட்டு வைத்தியரு தச்சாரு, கோணலா.” கோணல்தான். பென்சிலில் அந்தக் கோணலை மாஸ்டர் மூன்று சிறு கோடுகளில் பிடித்திருந்தார். நாங்கள் அதை மடிப்பு என்று நினைத்திருந்தோம்.

“எங்க வீட்டுல அது போட்டோ ஒண்ணுகூட இல்ல சார். போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு ஓடிரும். இவரு வரைஞ்சது அதுக்கே தெரிஞ்சிருக்காது.” சற்று நிறுத்தி, “இதக் குடுப்பீங்களா?” என்றார்.

ஒரு மாதம் அவகாசம் கேட்டோம். அந்த மாதம் எங்கள் நட்பில் மோசமான மாதம். ஒருவர் சொன்னது: இது நாற்பத்தொரு தனித் தாள் அல்ல, பெயர்கூட மிஞ்சாத ஒரு மனிதரின் பார்வை. ஒன்றை உருவினால் நாளை இன்னொருவர் வருவார், கடைசியில் மாஸ்டருக்கு மிஞ்சுவது என்ன? மற்றவர் சொன்னது: அந்தக் கிழவிக்கும்தான் பெயர் மிஞ்சவில்லை, அவள் பேரன் இருக்கிறான். சட்டத்தையும் புரட்டினோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. சொல்லாமல் வரைந்தால் வரைந்தவருக்கு. அவருக்குப்பின் அறுபது ஆண்டுகள் வாரிசுகளுக்கு. சந்தையில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தாளை எடைக்கு வாங்கிய எங்களைப் பற்றியும் பெருமைப்படும்படி எதுவுமில்லை.

கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனோம். அசல் ஒன்று, அதே அளவில் நல்ல தாளில் அடித்த நகல் ஒன்று. நகலைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே உள்ளூர இருந்தது. பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பத்தாளின் தங்கை இருந்தார். எண்பதைத் தாண்டியவர், கண்ணில் பூ விழுந்திருந்தது. அசலைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாங்கள் தடுப்பதற்குள் கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவினார். நாற்பது ஆண்டு பிசகாமலிருந்த பென்சில் கரி கன்னத்தில் இழுபட்டது. எங்களில் ஒருவர் ‘ஐயோ’ என்றே சொல்லிவிட்டார். கிழவி அதைக் கவனிக்கவில்லை.

“அக்கா வெத்தல போட்டிருக்காடா,” என்றார் பேரனிடம். “ஒதுக்கி வச்சிருக்கா பாரு. சந்தைக்குப் போனா துப்ப மாட்டா, ஊரு வர்றவரைக்கும் வச்சிருப்பா.”

மூன்று ஆண்டுகள் வாரம் ஒருமுறையாவது அந்தத் தாளைப் பார்த்திருக்கிறோம். நாங்கள் பிழை என்று குறித்த நிழல், வாயில் ஒதுக்கிய வெற்றிலை. மாஸ்டருக்குக் கை வரையத்தான் வராது. கன்னம் வரைய வந்திருக்கிறது. நகலைச் சுருளிலிருந்து எடுக்கவேயில்லை. அசலைக் கொடுத்தோம். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், கண்ணாடி தாளைத் தொடாமல் சட்டமிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஓராண்டு கழித்து அவர் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வந்தது. போனோம். கூடத்தில், டிவிக்கு மேலே அப்பத்தா. லேமினேஷன் செய்திருந்தார்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகித் தாளின் இழையோடு ஒன்றிவிட்டது. இனி எவராலும் பிரிக்க முடியாது. கடைக்காரர் அளவுக்குள் அடக்க நான்கு பக்கமும் வெட்டியதில் ஊரும் தேதியும் போய்விட்டன. நெற்றியிருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கின்மேல் குங்குமம். மூலையில் மல்லிகைச் சரம். “தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது சார் இப்ப,” என்றார் பேரன். எங்களுக்காகவே செய்ததைப்போலச் சொன்னார்.

தாளைக் கொடுக்கக் கூடாது என்று வாதாடியவர் அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கொடுக்க வேண்டும் என்று நின்றவர்தான் சாப்பிடாமல் எழுந்தார். பந்தியில் விட்ட இலையைப் பற்றி அந்த வீட்டார் என்ன நினைத்தார்களோ. திரும்பும் வழியில், செக்கானூரணியைத் தாண்டியபின், கொடுக்காமலிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: கிழவியின் கட்டைவிரல் இழுத்த கோடும் உள்ளேயே இருக்கிறது, பார்த்தாயா. பார்த்திருந்தேன் என்று மற்றவர் சொன்னார்.

மற்ற நாற்பதும் எங்களிடம் இருக்கின்றன. அமிலமற்ற தாள் சென்னையிலிருந்து வரவழைத்து ஒவ்வொன்றுக்கும் இடையில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை சோழவந்தானிலோ வாடிப்பட்டியிலோ சில தாள்களை வெளியே வைக்கிறோம். குடை பிடித்த கணக்கரை இதுவரை யாரும் அடையாளம் சொல்லவில்லை. குறிப்பேட்டில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே இருந்த வரியை அடித்துவிட்டு, ‘இடது கன்னத்தில் வெற்றிலை. வலது காது களையெடுக்கையில் அறுந்தது. உசிலம்பட்டி, சந்தை, 1976’ என்று எழுதியிருக்கிறோம். அவருடைய பெயரும் இப்போது தெரியும். அதைப் பேரனிடம் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டோம்.